மிசாவோ அக்கா தோண்டி எடுத்த கார்

மிசாவோ அக்காவிடம் தங்கப் பட்டை போட்ட ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. யார் மீதும் இடிக்காமல், எந்த விதியையும் மீறாமல், ஒரு தடவைகூடப் போலீஸிடம் சிக்காமல் ஓட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் செய்யும் மரியாதை அது. நான் கார் விற்றுப் பிழைக்கிறவன். உரிமம் வாங்கும் வயசு வந்த நாளிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன். எனக்கு அந்தப் பட்டை கிடைத்ததே இல்லை. அக்காவுக்கு மட்டும் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் தங்கம்தான். காரணம் ரொம்ப எளிது. இருபது வயதில் உரிமம் வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு அவர் காரே ஓட்டியதில்லை. அடுப்பே பற்ற வைக்காதவர் சமையலில் உப்புக் கூடிப்போயிற்று என்று யார் சொல்ல முடியும்?

முழுப் பெயர் ஒனோதேரா மிசாவோ. வயது ஐம்பத்து மூன்று. வடக்கே பனி கொட்டும் எங்கள் கமினாய் ஊரில் வெங்காயம் போடும் குடும்பத்தில் பிறந்தவர். தோள் அகலம், சிரிப்பு அதைவிட அகலம். சாவு வீட்டில்கூடச் சிரித்துத் தொலைத்துவிடுவார் என்று பயந்து அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பது ஊர் வழக்கம். கட்டிக்கொண்டவர் மர வியாபாரி. அவர் கார் ஓட்ட, இவர் பக்கத்து இருக்கையில் ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்துக் கொடுப்பார். "உனக்கெல்லாம் ஸ்டியரிங் வராது" என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதர் காலத்தை ஓட்டினார். ஒரு நாள் சப்போரோவில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் செய்யப் போய்விட்டார், காரையும் எடுத்துக்கொண்டு. போன இரண்டில் அக்கா எதற்காக வருந்தினார் என்பது ஊருக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டால், "கார்ல நல்ல ஹீட்டரு இருந்துச்சு" என்பார்.

அதற்குப் பிறகுதான் அக்கா வேலைக்குப் போனார். சருனாய் கணவாய்க்கு அப்பால், தொயோஹொரோவில், அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மதிய உணவு சமைக்கும் கூடம் இருக்கிறது. குளிக்கும் தொட்டி அளவுக்கு அண்டா, படகுத் துடுப்பு அளவுக்குக் கரண்டி. அந்தத் துடுப்பு அக்கா கையில். தெருவில் பார்க்கும் பிள்ளைகள் "கறிச்சோறு அத்தை!" என்று கத்துவார்கள். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டால் அக்காவுக்குத் தலைகால் புரியாது. புருஷன் போன வீட்டில் கிடைக்காத சந்தோஷம் அந்த அண்டாவுக்குள் கிடைத்தது என்று நான் சொன்னால் மிகையில்லை.

விடிவதற்கு முன் புறப்படும் ஒற்றைப் பெட்டி ரயிலில்தான் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏறுவது பெரும்பாலும் அவர் ஒருவர்தான். ஆள் இல்லாத பாதை என்று டிசம்பர் கடைசியோடு அதை மூடிவிட்டார்கள். பதிலுக்கு விட்ட பேருந்து எட்டு மணிக்குத்தான் கிளம்பும். எட்டு மணிக்கு அங்கே கேரட் எல்லாம் நறுக்கி முடித்திருக்க வேண்டும். சமையல் கூடத்து மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் பிள்ளைகளின் வயிறுதானே முக்கியம். ஜனவரியில் பள்ளி திறக்கும் அன்று காலையில் அக்கா வந்து நின்றால் வேலை அவருக்கு, இல்லாவிட்டால் தொயோஹொரோவிலேயே ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் டிசம்பர் நடுவில் ஒரு நாள் மிசாவோ அக்கா என் கடைக்கு வந்தார்.

"நுமாதா தம்பி, எனக்கு ஒரு கார் வேணும். மலிவா இருக்கணும். காலைல கூப்பிட்டா எந்திரிக்கணும். கணவாயில பாதி வழியில கைவிடக் கூடாது. நான் கட்டிக்கிட்டவருகிட்ட இதுல ஒண்ணுகூட இல்ல. அதான் கடைக்கு வந்திருக்கேன்."

எவ்வளவுக்குள் என்று கேட்டேன். மூன்று லட்சம் யென், டயரும் சேர்த்து என்றார்.

"பனி டயருக்கு எவ்வளவு ஆகும்னு மொதல்ல சொல்லு. அதை எடுத்து வச்சுட்டு மிச்சத்துலதான் காரு. காலு இல்லாத குதிரையை வாங்கி நான் என்ன பண்ண?"

"ஓட்டாதவங்களுக்கு இதெல்லாம் எப்படிக்கா தெரியும்?"

"ஓட்டாட்டி என்ன, உக்காந்திருக்கேன்ல? வழுக்கினப்பல்லாம் கத்தினது யாரு?"

எங்கள் ஊரில் பழைய கார் வாங்குவது பெண் பார்ப்பதைவிடச் சிக்கல். பனி உருக ரோட்டில் உப்புப் போடுகிறார்கள்; அந்த உப்பு வண்டியின் அடிவயிற்றைத் தின்கிறது. மேலே பளபளவென்று நிற்கும், கீழே கரையான் அரித்த கதவு. அதனால் நான் டோக்கியோ பக்கத்திலிருந்து கார்களை இறக்குவேன். அப்போதும் ஒரு பெரிய வெள்ளைக் கார் இறங்கியிருந்தது. எனக்கு அதன் மேல் ஒரு கண். விற்றால் நல்ல லாபம் என்பதை மறைப்பானேன்.

"இதைப் பாருங்கக்கா. டோக்கியோவுல ஒரு டாக்டர் வச்சிருந்தது. கீழ குனிஞ்சு பாருங்க, துரு ஒரு பொட்டு கிடையாது."

பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவி ஹருமி. கடையில் வாய் நான், கை அவள். ரிப்பேர் முழுக்க அவள்தான் பார்க்கிறாள்.

"பனியையே பார்க்காத வண்டியில துரு எங்கேருந்து வரும்? சண்டைக்கே போகாதவன் உடம்புல தழும்பு தேடின கதைதான். அக்கா, அது முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பேட்டரி சின்னது. கண்ணாடி கழுவற தண்ணிகூட அந்த ஊருத் தண்ணி. இவரை மாத்தச் சொல்லி நாலு நாளாச்சு."

"உன்னை யாரு கேட்டா?" என்றேன்.

"யாரும் கேக்கல. அதான் சொல்றேன்."

அக்கா அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார், பனி பூட்ஸோடும் தடிக் கையுறையோடும். நான் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னேன். "கணவாயில செருப்பு போட்டுக்கிட்டா போகப்போறேன்?" என்றார். பிரேக்கை மிதித்தார். பூட்ஸ் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தது.

"தம்பி, இது நிக்கச் சொன்னா ஓடும் போலிருக்கே!"

பிறகு ஹீட்டரைத் தேடினார். "பட்டனெல்லாம் கடுகு மாதிரி வச்சிருக்கான். கையுறையைக் கழட்டினாத்தான் ஹீட்டர் போட முடியும். ஹீட்டர் போட்டாத்தான் கையுறையைக் கழட்ட முடியும். அந்த டாக்டர் எப்படித்தான் பொழைச்சாரோ!" என்று சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஆவி பிடித்துவிட்டது.

நான் விடவில்லை. கனமான வண்டி, மோதினாலும் ஒன்றும் ஆகாது, உட்கார உட்காரப் பழகிவிடும் என்று அடித்துவிட்டேன். என் வாய்க்கு மசியாத ஆள் எங்கள் பக்கம் குறைவு. அக்காவும் கொஞ்சம் மசிந்தார்.

"சரி, நாளைக்குக் காலைல வந்து ஓட்டிப் பார்க்கறேன். எங்க நிறுத்தி வைப்பே?"

"பின் வரிசையில வலது ஓரம். வைப்பர் ரெண்டையும் தூக்கி விட்டிருப்பேன். கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்தாலும் சாவி உள்ளேயே இருக்கும்."

அன்று சாயங்காலம் காற்று மாறியது. பெரிய பனி வரப்போகிறது என்று நான் கொட்டகையிலிருந்த என் சொந்தக் காரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் டிராக்டரை உள்ளே விட்டேன். என் காரை எங்கே விட்டேன்? பின் வரிசையில், வெள்ளைக் காருக்கும் வலப்பக்கம். வழக்கம்போல் சாவியை உள்ளேயே விட்டு, அதன் வைப்பரையும் தூக்கிவிட்டேன். கண்ணாடியோடு ஒட்டி உறைந்துவிடும் என்று, பனி விழும் முன் வைப்பரைத் தூக்கி விடாதவன் எங்கள் ஊரில் கிடையாது. அக்காவிடம் சொன்ன அடையாளம் அந்த நிமிஷமே கெட்டது. என் புத்தியில் அது உறைக்கவே இல்லை.

காலையில் நானும் ஹருமியும் போனபோது கடை முற்றத்தில் கார்களே இல்லை. வெள்ளை மேடுகள், மேடுகளின் மேல் ஜோடி ஜோடியாக வைப்பர்கள், அவ்வளவுதான். பின் வரிசை ஓரத்தில் மட்டும் ஆவி பறந்தது. மிசாவோ அக்கா தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, மாமாசான் டம்ப்பால் பனியை வாரி வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் தள்ளுகிற, தொட்டி மாதிரி அகலமான பனி அள்ளிதான் மாமாசான் டம்ப். ஊர்ப் பெண்கள் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். அக்கா தன்னுடையதை வீட்டிலிருந்தே இழுத்து வந்திருந்தார். அண்டா கிளறும் தோள் அல்லவா, முக்கால் காரை வெளியே எடுத்துவிட்டார். வெளியே வந்திருந்தது வெளிர் பச்சையில் ஒரு சின்னப் பெட்டி.

"அக்கா! அது இல்ல!" என்று ஓடினேன்.

"எது இல்ல?"

"நீங்க பார்த்த கார் அது இல்லக்கா. அது பக்கத்துல இருக்கு. இன்னும் உள்ளதான் கெடக்கு."

அக்கா பக்கத்து மேட்டைப் பார்த்தார். பச்சைக் காரைப் பார்த்தார். தான் வாரிக் குவித்திருந்த மலையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் கலைந்தன. ஹருமியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்தே விட்டார்கள்.

"நான் வெள்ளைக் காரைத்தான் தோண்டறேன்னு நெனச்சேன்! கலர் தெரிஞ்சப்பக்கூட, டாக்டரு ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்சிருக்காரோன்னு..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, இவ்வளவு அள்ளியாச்சு. ஒரு தடவை திருகியாவது பார்த்துடறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்து ஏறி, சாவியைத் திருகிவிட்டார். இரவு முழுக்கப் புதைந்து கிடந்த வண்டி ஒரே திருகில் இருமிவிட்டு எழுந்தது. ஹீட்டருக்குக் கட்டைவிரல் தடிமனில் ஒரு பிடி, கையுறையோடே இழுத்தார். பூட்ஸ் ஒரு பெடலை மட்டும் மிதித்தது. அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"இது யாரு கார்?"

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். ஹருமிதான் பதில் சொன்னாள். "இவரோடதுதான்க்கா. புயல் அடிச்சா இந்த மனுஷன் வேற எதையும் தொடமாட்டார். ஊரார் கார் எல்லாம் மாட்டிக்கிட்டா இதுலதான் போய் இழுத்துட்டு வருவார்."

"ஏன் தம்பி, ஊருக்கெல்லாம் பெரிய பெரிய காரா விக்கற. உனக்கு மட்டும் இதுவா?"

என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு காரை விற்காமல் இருப்பதற்காகப் பேசினேன்.

"அது கிழடுக்கா. ஓயாம சத்தம் போடும்."

"நானும்தான்."

"மேட்டுல மூச்சு வாங்கும்."

"நானும்தான்."

"பின்னாடி துரு ஏறிக் கெடக்கு."

"ஓட்டும்போது பின்னாடியா பார்க்கப்போறேன்?"

"கியர் கையால மாத்தணும். கைவலி வந்துடும்."

அக்கா தன் கையை மடக்கிக் காட்டினார். நான் அவசரத்தில் வாயை விட்டேன். "அட, பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட அது என்னைக் கைவிட்டதில்லதான், நாலு சக்கரமும் இழுக்கும்தான், அதுக்காக..."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

"ஹருமி, கேட்டியா?" என்றார் அக்கா.

"கேட்டேன்க்கா. வண்டி என் பேர்லதான் இருக்கு. எடுத்துக்கோங்க. அடியில இரும்புத் தகடு வச்சுப் பத்தவச்சுக் குடுக்கறேன். டயர் போன வருஷம் போட்டது."

"ஏய்!" என்றேன்.

"நீங்க டாக்டர் கார் வச்சுக்கோங்க. துரு ஒரு பொட்டு கிடையாது" என்றாள் என் மனைவி. அன்று மதியம் கோபத்தில் ராமென் நூடுல்ஸ் கடையில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

ஓட்டக் கற்றுக் கொடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. புத்தாண்டு முடிந்ததும், ரயில் நின்றுபோன ஸ்டேஷன் முற்றத்தில் ஆரம்பித்தோம். ஒரு பெரிய வெள்ளைத் திடல், மோதுவதற்கு ஒன்றுமில்லை. ஹருமி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். முதல் நாள் அக்கா வண்டியை நகர்த்துவதற்குள் தவளை மாதிரி அது தத்தித் தத்திப் படுத்துக்கொண்டது. இரண்டாவது நாள் நகர்ந்தது. அடுத்ததாக வழுக்குவதற்குக் கற்றுக் கொடுத்தேன். பனியில் ஓட்டுகிறவருக்கு நேராகப் போகத் தெரிவதைவிட வழுக்கத் தெரிய வேண்டும்.

"வழுக்கினா பிரேக்கை மிதிக்காதீங்க. வண்டி போற பக்கத்தைப் பார்க்காதீங்க. நீங்க போகணும்ங்கற பக்கத்தைப் பாருங்க. கை தானா திரும்பும்."

அக்கா வேகம் பிடித்தார், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினார். வண்டி பம்பரமாய்ச் சுற்றியது. வானம், ஸ்டேஷன், ஹருமி, வானம், ஸ்டேஷன், ஹருமி. நான் கூச்சல் போட்டேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்துவது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இன்னொரு தடவை தம்பி!"

அன்று எத்தனை தடவை சுற்றினோம் என்று கேட்காதீர்கள். பாதிக்கு மேல் நானும் "இன்னொரு தடவை" என்று கத்தினேன். எனக்கு நாற்பத்தைந்து வயது, கடை வைத்திருக்கிறேன், ஊரில் ஒரு மதிப்பு உண்டு. அவ்வளவும் அந்தத் திடலில் காற்றில் பறந்தது. மனசு சோப்பு நுரை மாதிரி ஆகிவிட்டது.

யாரோ புகார் சொல்லி, புதிதாக வந்த இளம் போலீஸ்காரர் வந்து நின்றார். உரிமத்தைக் கேட்டார். அக்கா பவ்யமாக நீட்டினார். தங்கப் பட்டையைப் பார்த்ததும் அந்தப் பையன் விறைப்பாக வணங்கினான். "சிறந்த ஓட்டுநர்! மன்னிக்கணும்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "வயசுல பெரியவங்க ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்கை இழுக்கறது நீங்கதானே?" என்று கேட்டு, என் உரிமத்தை வாங்கிப் பார்த்துக் கால் மணி நேரம் புத்தி சொன்னான். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போனபின் அவர் சிரித்ததில் வண்டியே ஆடியது.

பள்ளி திறக்கும் அன்று விடியற்காலையில் புயல். எதிரில் இருக்கும் வீட்டு விளக்கு தெரியவில்லை. ஸ்டேஷன் திடலில் சுற்றியது வேறு, கணவாய் வேறு. எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. அக்கா கிளம்புவதற்கு முன் நான் போய்ப் பாதையைப் பார்த்து வைக்கலாம் என்று டாக்டர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்காவுக்குத் துணை போகிறேன் என்று மனசில் பெரிய நினைப்பு.

சருனாய் ஏற்றத்தின் நடுவில் முன் கண்ணாடி மூடிக்கொண்டது. கழுவும் தண்ணீரைப் பீய்ச்சினேன். டோக்கியோ தண்ணீர்! அடித்த மாத்திரத்தில் கண்ணாடி மேலேயே ஐஸாக உறைந்தது. ஒன்றும் தெரியாமல், சுரண்டுவதற்காக வண்டியை நிறுத்தினேன். பிறந்ததிலிருந்து பனியில் கிடக்கிறவன் செய்கிற காரியமா அது? அந்த ஏற்றத்தில் நின்ற வண்டி மறுபடி ஏறாது. மாவு பிசைவது போல முன் சக்கரங்கள் பனியைப் பிசைந்தன. வண்டி மெதுவாகப் பின்னால் சறுக்கி, ஓரத்துப் பனிச் சுவரில் புட்டத்தைப் புதைத்துக்கொண்டது.

இறங்கி நின்றேன். கீழேயிருந்து மங்கலாக இரண்டு விளக்குகள் வந்தன. அந்த எஞ்சின் சத்தம் தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். உதவிக்கு ஆள் வந்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். உடனே வேறொன்று உறைத்தது. நல்ல மனசுக்காரி, என்னைப் பார்த்து நிறுத்திவிட்டால்? நிறுத்தினால் அவரும் ஏற முடியாது, அண்டா வேறு கைக்குப் போய்விடும். அதே கையால் "போங்க! போங்க!" என்று மேட்டைக் காட்டினேன்.

அக்காவுக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி ஏற்கெனவே இறங்கியிருந்தது. வேகத்தை ஒரு நூல்கூடக் குறைக்காமல், பனித் தொப்பியோடு தலையை நீட்டினார்.

"நிறுத்தினா ஏறாது தம்பி! கோவிச்சுக்காதே! உனக்குக் கறிச்சோறு எடுத்து வைக்கறேன்!"

என் மூக்குக்கு ஒரு முழத்தில் பச்சைக் கார் கடந்தது. மேல் வளைவில் அதன் பின்புறம் வெளியே வீசியது. பிரேக் விளக்கு எரியவில்லை. வால் ஒரு தடவை ஆடி, தானாகப் பாதைக்குத் திரும்பியது. ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. புயலுக்குள்ளிருந்து அவர் சிரிப்பு மட்டும் கேட்டது, பிறகு அதுவும் கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஒருவர் என்னை நடுவழியில் விட்டுவிட்டுப் போனதற்காக நான் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. முழங்கால் பனியில் குதித்தேன், கத்தினேன். பனி வாரும் வண்டி பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, வண்டி புதைஞ்சு கெடக்கு, நீ ஆடிக்கிட்டு இருக்கே?"

"ஏறிடுச்சுண்ணே! மேல ஏறிப் போயிடுச்சு!"

"எது? முன்னால போச்சே அந்தப் பச்சையா? அது உன் காராச்சே?"

"இல்லண்ணே," என்றேன், "மிசாவோ அக்கா கார்."